நம்ம ஆளுக்கு ஒரு ஃபவுல்

துணியில் எத்தனை ரகம் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். மல்லு, காடா, டிரில், லாங்கிளாத், ஒரு மழைக்கு அரை சாண் சுருங்கும் ஜப்பான் பட்டு. மனிதரில் எத்தனை ரகம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அதுவும் தெரியாமல் போகாது. அளவெடுக்கும்போது மனிதன் கையை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறான் பாருங்கள், அப்போது வாய் மட்டும் சும்மா இருப்பதில்லை. வாயைத் திறந்தால் ரகம் தெரிந்துவிடும். இன்றைக்கு நான் உங்களுக்கு விரித்துக் காட்டப்போவது ரெஃப்ரி என்கிற ரகம்.

புட்பால் திடலில் இருபத்திரண்டு பேர் பந்தைத் தொட ஓடுவார்கள். ஒருவர் மட்டும் பந்து தன் மேல் பட்டுத் தொலையக் கூடாதே என்று ஓடுவார். அவர்தான். திடலுக்குள் அவரை அடையாளம் காண்பதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை; கறுப்புக் கோட்டும் அரைக்கால் சட்டையும் போட்டிருப்பார், கூட்டம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருக்கும். திடலுக்கு வெளியே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வித்தை. பாசாரில் மீன்காரிக்கும் வாங்க வந்தவளுக்கும் தராசுத் தகராறு என்றால் எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள், இவர் நிற்பார். கோயிலில் சுண்டல் வரிசை கலைந்தால் எல்லாரும் இடித்துக்கொண்டு முன்னே போவார்கள், இவர் நிற்பார். நின்று, தொண்டையைச் செருமி, வலது கையை மெல்லச் சட்டைப் பைக்குக் கொண்டுபோவார். பையில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

எனக்குத் தெரிந்த ரெஃப்ரிகளிலே அசல் சரக்கு முத்துக்குமாரு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே ஸ்டோரில் குமாஸ்தா. ஆனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் "ரெஃப்ரி" என்றுதான் சொல்வார். ரயில்வே என்னமோ பொழுதுபோகாமல் போய்வருகிற இடம் மாதிரி. அவருடைய கறுப்புக் கோட்டைத் தைத்தவன் நான். நெஞ்சுக்கு நேரே மூடி வைத்த பை ஒன்று விசிலுக்கு. அதற்குக் கீழே இன்னொரு பை கேட்டார். எதற்கு என்றேன். இன்னொரு விசிலுக்காம். முதல் விசில் நடுவழியில் மக்கர் செய்தால் நியாயம் நின்றுபோய்விடாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் யோசித்தேன். நியாயத்துக்கு உபரியாக ஒன்று வைத்திருக்கிற மனிதரை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

ஆட்டம் உள்ள சனிக்கிழமை என்றால் அந்த வீடே ஒரு நிலையாக இருக்காது. காலையில் விசில்கள் இரண்டையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். அது அவர் மனைவி பூமணி அம்மாவின் வேலை. மத்தியானம் சோறு பாதி வயிற்றுக்கு மேல் கிடையாது, கனத்த வயிறு ஒரு பக்கமாகச் சாயுமாம். பிறகு பின்வாசலில் நின்று விசிலை ஊதிப் பார்ப்பார். ஒரு தடவை அப்படி ஊதினபோது அடுத்த லயனில் குடியிருந்த ரயில் கார்டு ஒருவர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்க்க ஓடியே போய்விட்டார். வண்டி புறப்பட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம். அதற்கு முத்துக்குமாரு ஐயா வருத்தப்பட்டாரா? ஊதலில் அவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த உத்தியோகத்துக்கு யாரும் பிறக்கும்போதே ஆசைப்படுவதில்லை. இவரும் வாலிபத்தில் பந்து ஆடியவர்தான். பேக் என்று பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். கால் பந்துக்கு எட்டாது, ஆனால் சட்டம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். எதிராளி கோல் போட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருக்கும்போது இவர் போய் அது ஏன் கோல் ஆகாது என்று அவனுக்கே விளக்குவார். ஒரு நாள் ரெஃப்ரிக்குக் குளிர்காய்ச்சல். கூடவே ஆடினவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விசிலை இவரிடம் கொடுத்தால் அணிக்கு இரண்டு நன்மை: ரெஃப்ரியும் கிடைப்பார், பேக்கும் தொலைவார். கொடுத்தார்கள். ஊதினார். அன்றைக்குக் கையில் வாங்கினதுதான், திருப்பிக் கொடுக்கவே இல்லை.

தோட்டத்துத் திடல்களில் தொடங்கினார். மாட்டை விரட்டிவிட்டு ஆட்டம் தொடங்க வேண்டும், கோல் கம்பத்தில் யாராவது வேட்டி காயப்போட்டிருந்தால் அவரைத் தேடிப்பிடித்து எடுக்கச் சொல்ல வேண்டும், தோற்ற பக்கத்துக் கங்காணி தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதையெல்லாம் சகித்து, மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ரயில் டிக்கெட் மாதிரி ஏறி, கோலாலம்பூரில் முதல் வகுப்பு ரெஃப்ரி ஆனார். இதுவரைக்கும் நல்ல கதைதான். வியாதி எங்கே பிடித்தது என்று கேளுங்கள்.

கிள்ளானைத் தாண்டி மேருப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிடித்தது. தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கும் பக்கத்துக் கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர்களுக்கும் ஆட்டம். கம்பத்து ஆள் ஒருவன் பந்தைக் கையாலேயே பிடித்துவிட்டான். எல்லாருக்கும் தெரிந்தது, அவனே சிரித்துவிட்டான். இவர் பெனால்டி ஊதினார். நியாயமான ஊதல். அப்போது வேலியோரம் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவன், ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, போகிற போக்கில் "ஆமா, அவங்க ஆளு அவங்களுக்குத்தானே ஊதுவாரு" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பொழுது சாயுமுன்னே அவன் அதை மறந்திருப்பான். முத்துக்குமாரு ஐயா சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. ஆட்டத்தில் ஒரு பக்கம் நம்ம ஆட்கள் என்றால், தொடங்கின உடனே முதல் ஃபவுல் நம்ம ஆளுக்கு. அவன் செய்தானா இல்லையா என்பது பிறகு. இரண்டாவது ஃபவுலும் அவனுக்கே, முதல் ஃபவுல் தற்செயல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதில்லையா? நம்ம ஆள் கீழே விழுந்தால் நடிப்பு. எதிராளி விழுந்தால் இவரே ஓடிப்போய் முழங்காலைத் தடவிக்கொடுப்பார். யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது, தம்பி." மலாய் அணி, சீன அணி, யுரேஷியன் அணி எல்லாம் தமிழரோடு மோதும்போது தயவுசெய்து மிஸ்டர் முத்துக்குமாருவை அனுப்புங்கள் என்று புட்பால் சங்கத்தைக் கேட்டு வாங்கினார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அவரைப் பார்த்தால் கை குலுக்கி "வெரி ஃபேர் மேன்" என்றார்கள். அந்த மூன்று சொல்லையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் சொன்னார், மகளிடம் சொன்னார், கோட்டுக்குப் பொத்தான் வைக்க வந்தபோது என்னிடம் சொன்னார். நம்ம ஆட்கள் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதினால் இதை அச்சுப்போட மாட்டார்கள்.

வியாதி திடலோடு நின்றதா? நின்றால் அது வியாதியா? பூமணி அம்மாவுக்கும் அடுத்த வீட்டு இராஜம்மாவுக்கும் கொடிக் கயிற்றில் தகராறு. கயிறு பூமணி அம்மா வாங்கினது, கட்டினதும் அவர்தான். இராஜம்மா வாயைத் திறக்குமுன்னே ஐயா தீர்ப்புச் சொல்லிவிட்டார், கயிறு இராஜம்மாவுக்கு என்று. அந்த அம்மாளே திகைத்துப்போய், தான் கேட்க வந்தது துணி காயப்போட ஒரு ஓரம் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தாள். ஊதியாகிவிட்டது, மாற்ற முடியாது. விருந்தாளி வந்தால் நல்ல மீன்துண்டு விருந்தாளிக்கு, முள் மகளுக்கு. மகள் குணேஸ்வரி சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அடி வாங்கி அழுதுகொண்டு வந்தால், என்ன நடந்தது என்று கேட்கமாட்டார், நீ என்ன செய்தாய் என்றுதான் கேட்பார். போகப்போக அந்தப் பெண் அழுதுகொண்டு அப்பாவிடம் வருவதையே விட்டுவிட்டாள். அது அவருக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைக்கு நல்ல கட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டார்.

அந்தக் குணேஸ்வரிக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை கிள்ளானில் சிவகுருநாதன். நல்ல இடம், நல்ல பிள்ளை, சாதகம் பொருந்திவிட்டது, பெண்ணும் பிள்ளையும் கோயிலில் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையும் ஆட்டியாகிவிட்டது. தலை ஆட்டினதோடு சரி என்று நாங்கள் நினைத்தோம். அதற்குப் பிறகு குணேஸ்வரி கிள்ளானிலிருந்து வருகிற ரயில் ஒவ்வொன்றையும் வாசலில் நின்று பார்த்தாள் என்று பூமணி அம்மா என்னிடம் சொன்னார். ஒரே ஒரு குறை. சிவகுருநாதனுக்கு போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு ரப்பர் கிட்டங்கியில் தற்காலிக வேலை. யாழ்ப்பாணத்தார் வீட்டில் இது லேசான குறையா? கவர்மெண்ட் உத்தியோகம், அதுவும் நிரந்தரம், பென்ஷன் வரவேண்டும். முத்துக்குமாரு ஐயா நிபந்தனை போட்டுவிட்டார்: நிரந்தர உத்தியோகம் கிடைத்தால் கலியாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன்.

அந்த உத்தியோகத்துக்கு வழியும் இருந்தது. சிவகுருநாதன் கிள்ளான் வாலிபர் அணியில் சென்டர் பார்வர்ட். அந்தக் காலத்தில் துரைமாருக்கு ஒரு பைத்தியம் உண்டு, தங்கள் கந்தோரின் அணி ஜெயிக்க வேண்டும் என்று நல்ல ஆட்டக்காரனாகப் பார்த்து குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, கால் நன்றாக இருந்தால் போதும். அப்படி ஒரு துரை, எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள், கிள்ளான் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டு, கிண்ண இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன், அவன் எனக்குப் பிடித்த மாதிரி ஆடினால் திங்கட்கிழமையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். கிள்ளான் அணிக்கும் சாலாக் செலாத்தான் அணிக்கும் இறுதி ஆட்டம். கோலாலம்பூர் திடலில். ரெஃப்ரி யார்? நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சங்கத்துச் செயலாளர் ராதாகிருஷ்ணன் நல்ல மனிதர், தகராறு வருமுன்னே தடுக்கப் பார்ப்பவர். அவரும் முத்துக்குமாரு ஐயாவும் என் கடையில்தான் பேசிக்கொண்டார்கள், ஐயாவின் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை ஆடுறாரு. நீங்க ஒதுங்கிக்கிறது நல்லது இல்லையா? ரெஃப்ரிக்கு உறவுக்காரங்க ஆட்டம் வேணாம்னு ஒரு வழக்கம் இருக்கே."

"அந்த வழக்கம் மற்ற ரெஃப்ரிமாருக்கு. சொந்தக்காரன் எண்டு பாக்கிறவங்களுக்கு. நான் பாக்கிறனானோ?"

"நீங்க பாக்க மாட்டீங்க. அதுதான் ஐயா பயமா இருக்கு" என்றார் ராதாகிருஷ்ணன்.

ஐயா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கோட்டை மாட்டிப் பார்த்தார்.

ஆட்டத்தன்று தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் கூட்டம் போகிற மாதிரி திடலைச் சுற்றி ஜனம். நான் கடையைச் சாத்திவிட்டு எல்லைக் கோட்டோரம் இடம் பிடித்தேன். துரை கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாலையோர மரத்தடியில் ஒரு ரிக்ஷா நின்றது, அதில் பூமணி அம்மாவும் குணேஸ்வரியும். கோயிலுக்குப் போகிறோம் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். பொய்யும் இல்லை, வாயில் கந்தசஷ்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஐயா விசிலை ஊதினார். ஊதின வேகத்தில் முதல் ஃபவுல் சிவகுருநாதனுக்கு. பந்து அப்போது திடலின் அந்தக் கோடியில் இருந்தது. இரண்டாவதும் அவனுக்கே. மூன்றாவது தடவை அவன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், நேரத்தை வீணாக்குகிறான் என்று அதற்கும் எச்சரிக்கை. கிள்ளான் ஆட்கள் கத்தினார்கள். சாலாக் செலாத்தான் ஆட்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தாராளத்தை அவர்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஊதலுக்கும் "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். என்ன ஓட்டம்! மாமனார் ஒரு பக்கம், எதிரணி ஒரு பக்கம், இரண்டையும் வெட்டிக்கொண்டு ஓடினான். துரை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஆட்டம் முடிய நேரமாகிவிட்டது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. கிள்ளானுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து மேலே வந்தது. சிவகுருநாதன் எம்பினான். ஒருவரையும் தொடவில்லை, பக்கத்தில் ஆளே இல்லை, சாலாக் செலாத்தான் அணியின் பேக், ஒரு சீன ஆள், நாலு முழம் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலையால் ஒரு இடி. வலை குலுங்கியது. திடல் முழுக்க ஒரு சத்தம் எழும்பியது. துரை எழுந்து கை தட்டினார். ரிக்ஷாவில் குணேஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது விசில் ஊதியது.

கோலுக்கு ஊதுகிற விசில் வேறு. எங்களுக்கெல்லாம் தெரியும். நான் ஐயாவுக்கு நேர் எதிரே நின்றேன், அவர் முகத்தைப் பார்த்தேன். ஊதிவிட்டார், எதற்கு ஊதினோம் என்று இன்னும் அவருக்கே தெரியவில்லை. ஆடு ஓட்டினவன் அவர் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். கையை இப்படி உயர்த்தி, அப்படித் தாழ்த்தி, கடைசியில் இரண்டு கையாலும் காற்றைத் தள்ளிக் காட்டினார். ஆளைத் தள்ளிவிட்டானாம். கோல் கிடையாது.

தள்ளப்பட்டவனாகச் சொல்லப்பட்ட அந்தச் சீனப் பேக் நல்ல மனிதன். ஓடிவந்து, என்னை யாரும் தள்ளவில்லை துவான், நான் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன் என்று மலாயில் சொன்னான். எதிரணிக்காரன், அவன் அணிக்கு நன்மையான தீர்ப்பு, அவனுக்கே பொறுக்கவில்லை. ஐயா என்ன சொன்னார் தெரியுமா? தள்ளுப்பட்டவனுக்கு அது தெரியாது, பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்றார். பேக் தன் தோளை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டு இடத்துக்குப் போனான். அடுத்த பந்தில் சாலாக் செலாத்தான் கோல் போட்டது, கிண்ணம் அவர்களுக்குப் போனது.

சரி, கிண்ணம் போகட்டும், பித்தளைதானே. துரை என்ன செய்தார்? தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ராதாகிருஷ்ணன் பின்னாலேயே ஓடி, அது தள்ளல் இல்லை என்று மன்றாடினார். துரை நம்பவில்லை. ஏன் நம்புவார்? அந்த ரெஃப்ரி வெரி ஃபேர் மேன் ஆயிற்றே, அவரே தன் இனத்துப் பையனைப் பிடித்திருக்கிறார் என்றால் பையன் மோசக்காரனாகத்தான் இருப்பான், அப்படிப்பட்டவன் என் கந்தோருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ரிக்ஷாவும் திரும்பிவிட்டது. கிள்ளான்காரர்கள் சும்மா விடுவார்களா? ஐயாவைச் சூழ்ந்துகொண்டார்கள், இழுத்த இழுப்பில் கோட்டின் ஒரு கை தோளோடு கழன்று வந்துவிட்டது. சிவகுருநாதன்தான் குறுக்கே விழுந்து அவரைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோட்டைத் தைக்க என்னை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். போனேன். ஐயா பனியனோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். ஐயா மட்டும் பேசினார். மருமகனாக வரப்போகிறவனுக்கே கோல் மறுத்தவன் இந்த மலாய் நாட்டில் வேறு எவன் இருக்கிறான் என்று என்னைக் கேட்டார். நான் நூலைப் பல்லால் கடித்தேன். பிறகு, உத்தியோகம் கிடைக்கவில்லை, ஆகையால் கிள்ளான் சம்பந்தம் முடிந்தது, நிபந்தனை நிபந்தனைதான் என்று அறிவித்தார். மகள் வாழ்க்கையை அவர் முடித்துவைத்த குரலும் கார்னர் கொடுக்கிற குரலும் ஒன்றுதான், வித்தியாசமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

குணேஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அப்பா முன்னால் வந்து நின்றாள் என்று நினைக்கிறேன். கண் வீங்கியிருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"அப்பா, அவர் தள்ளினவரோ?"

"நான் விசில் ஊதிட்டன், பிள்ளை."

"நான் அதைக் கேக்கேல்லை. அவர் தள்ளினவரோ?"

ஐயா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் பொத்தானைப் பார்த்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால் சட்டம் சொல்லியிருப்பார். "இல்லை" என்றார். அப்புறம் அவசரமாக, "மருமகனுக்கு ஊதினவன் எண்டு நாளைக்கு ஊர் சொல்லாதோ? ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது, பிள்ளை."

"ஊரிலே ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அப்பா. நான் சொல்லுறன். சொந்தக்காரர் ஆட்டம் எண்டா ரெஃப்ரி ஒதுங்கவேணும். நேற்று நீங்கள் ஒதுங்கேல்லை. இது என்ர கலியாணம். நீங்கள் எனக்கு அப்பா. இதுக்காவது ஒதுங்குங்கோ. அம்மா முடிவு சொல்லட்டும்."

வெளியே ஸ்டேஷனில் ஒரு வண்டி ஷண்டிங் ஆகிக்கொண்டிருந்தது. பூமணி அம்மா வாசற்படியில் நின்றார். கயிற்றைப் பறிகொடுத்த நாளிலிருந்து அந்த அம்மாள் சேர்த்துவைத்ததெல்லாம் முகத்தில் வந்து போனது. புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி வேலாயுதம், நாடா கொண்டந்தனீரோ? பிள்ளைக்குக் கலியாணச் சட்டைக்கு அளவு எடும்."

ஐயாவின் வலது கை நெஞ்சுக்குப் போனது. பழக்கம், என்ன செய்வது? போன கை பனியனைத் தடவியது, அங்கே பை இல்லை, மயிர்தான் இருந்தது. கோட்டு என் மடியில். மேல் பையில் ஒரு விசில், கீழ்ப் பையில் நியாயத்துக்கு உபரி விசில், இரண்டும் என்னிடம். அவர் என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. நான் கோட்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எழுந்து, குணேஸ்வரிக்கு அளவெடுத்தேன்.

கலியாணம் கிள்ளானில் நடந்தது. தற்காலிக வேலையோடுதான் நடந்தது. பென்ஷன் இல்லாமலும் தாலி கட்ட முடிகிறது என்பதை யாழ்ப்பாணத்தார் பலர் அன்றைக்கு நேரில் கண்டார்கள். ஐயா மாப்பிள்ளை வீட்டாரோடும் உட்காராமல், பெண் வீட்டாரோடும் உட்காராமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐயர் கூப்பிட்டார், பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் வர வேண்டும் என்று. அவர் அசையவில்லை. ஒதுங்கச் சொன்னார்களே, ஒதுங்கிவிட்டேன் என்கிற வீம்பு. குணேஸ்வரி மணவறையிலிருந்து தலையை நிமிர்த்தி, "அப்பா, வாங்கோ" என்றாள். அவ்வளவுதான். அந்த மனிதர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. தண்ணீர் வார்த்தபோது செம்பில் இருந்ததில் பாதி மாப்பிள்ளை வேட்டியில். ஐயாவின் கண்ணில் நீர் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும்தான்.

பிறகு மாப்பிள்ளை ஐயாவின் காலில் விழுந்து எழுந்தபோது, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கிற அளவில், மெல்லக் கேட்டான்.

"மாமா, அது கோல்தானே?"

ஐயா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், வேலியோரம் எவனாவது ஆடு ஓட்டிக்கொண்டு போகிறானா என்றும் பார்த்திருப்பார்.

"கோல்தான், மகன். அருமையான கோல்" என்றார். "வெளியிலே சொல்லிப்போடாதையும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன மாதம் உங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறினீர்களே, நம்ம பிள்ளைகள் அப்புறம் சாப்பிடட்டும் என்று கடைசி வரிசைக்கு அனுப்பினீர்களே, பாயசம் தீர்ந்தபோது உங்கள் பெண் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு எழுந்து போனாளே, அப்போது நாலு பேர் உங்களைப் புகழ்ந்தது காதுக்கு இனிப்பாக இருந்ததா இல்லையா? உங்கள் கந்தோரில் வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள், நல்லவன் உங்கள் தம்பி மகன் என்று தெரிந்தும், தெரிந்ததனாலேயே, மற்றவனை எடுத்தீர்களே, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்? நியாயம் என்றுதானே?

இல்லை, நான் அந்த ரகமே இல்லை என்கிறீர்களா? நல்லது. என் கடைக்கு வாருங்கள், புதுச் சட்டை ஒன்று தைத்துத் தருகிறேன். அளவெடுக்க நான் நிறுத்தி வைத்திருக்கும்போது, உங்கள் பிள்ளை தெருவிலிருந்து அழுதுகொண்டு ஓடி வரட்டும். உங்கள் வலது கை பிள்ளையின் தலைக்குப் போகிறதா, உங்கள் நெஞ்சுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குத் தக்கபடி நான் பை வைக்கிறேன்.